மூடி போட்டு எடுத்த படங்கள்

ரோஜாவின் இடது இதழில் ஓட்டை விழுந்திருந்தது. ஒன்று என்றால் சகித்துக்கொள்ளலாம். ஊசியால் குத்தி வைத்ததைப் போல, வரிசையாக, கறுப்புக் கறுப்பாகச் சில ஓட்டைகள்.

ராஜ்குமார் லுங்கி நுனியால் லேப்டாப் திரையைத் துடைத்துப் பார்த்தான். தூசி இல்லை. படத்தைப் பெரிதாக்கினான். ஓட்டைகளும் பெரிதாயின.

இது தோட்டத்து ரோஜா இல்லை. தை மாத ராத்திரிகளில் ஓரியன் நட்சத்திரக் கூட்டத்துக்குப் பக்கத்தில், முழுநிலாவைவிட அகலமாக, ஆனால் வெறுங்கண்ணுக்குக் கொஞ்சமும் தெரியாமல் விரிந்து கிடக்கிற வாயு மேகம். ரோஜா நெபுலா என்று பெயர். ஆண்டர்சன்பேட்டை பஜாரில் கேமரா ரிப்பேர் கடை வைத்திருக்கும் ராஜ்குமாருக்கு, இந்த மாதிரி மேகங்களைப் படம் பிடிப்பதைத் தவிர வேறு கெட்ட பழக்கம் கிடையாது. குடி இல்லை, சீட்டாட்டம் இல்லை. குடித்தால்கூடப் பக்கத்தில் நாலு பேர் இருப்பார்கள், இதில் அதுவும் இல்லை என்று அவன் மனைவி அமலா ஒருமுறை சொல்லியிருக்கிறாள்.

அமலா இப்போது பெங்களூரில் இருக்கிறாள். பையன் ரூபேஷின் படிப்புக்காக என்று போனவள், அங்கேயே ஒரு பள்ளிக்கூட ஆபீசில் வேலையும் தேடிக்கொண்டாள். நீங்களும் வாங்க என்று கூப்பிட்டுக் கூப்பிட்டு அவளுக்கும் வாய் ஓய்ந்துவிட்டது. கடையை யார் பார்ப்பது என்று இவன் ஒரு சாக்குச் சொல்வான். உண்மை அவளுக்கும் தெரியும். பெங்களூரில் வானம் கிடையாது. அங்கே இருப்பது வெளுத்துப்போன ஒரு கூரை. போன பொங்கலுக்கு அவர்கள் வரவில்லை. பானை வைக்க ஆளில்லாமல் ராஜ்குமார் அன்றைக்கு ஓட்டலில் சர்க்கரைப் பொங்கல் வாங்கித் தின்றான். பாதியை நாய்க்குப் போட்டான்.

இந்த வருடம் வருகிறோம் என்று சொல்லியிருந்தாள். போகி அன்று காலை ரயிலில் வருவதாகப் பேச்சு. பொங்கல் முடிந்ததும் வீட்டைப் பூட்டிக்கொண்டு அவர்களோடு கிளம்பிவிடுவதாக இவனும் வாக்குக் கொடுத்துவிட்டான். இரண்டு வருடம் தனியாகச் சமைத்துத் தனியாகப் பேசித் தனியாகச் சிரித்ததில், வானமும் வேண்டாம் ஒன்றும் வேண்டாம் என்று ஆகியிருந்தது. போவதற்குள் இந்த ஒரு ரோஜாவை முழுசாக எடுத்து, பெரிதாகப் பிரிண்ட் போட்டு, பையன் கையில் கொடுத்துவிட வேண்டும். அவ்வளவுதான் அவன் கேட்டது.

அதில்தான் ஓட்டை.

இந்த மேகங்களை ஒரே படத்தில் பிடிக்க முடியாது. ஐந்து ஐந்து நிமிடமாகப் பல படங்கள் எடுத்து ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கினால்தான், மூடுபனிக்குள் முகம் தெரிகிற மாதிரி மெல்ல மெல்ல உருவம் வரும். அதோடு இன்னொரு வேலையும் உண்டு. டெலஸ்கோப்புக்கு மூடி போட்டுவிட்டு, அதே ஐந்து நிமிடம், சும்மா இருட்டையும் எடுக்க வேண்டும். டார்க் என்பார்கள். கேமரா சூடானால் தானாகவே பொய்ப் புள்ளிகளை உண்டாக்கும். அந்தப் பொய்யெல்லாம் டார்க்கிலும் இருக்கும். வானத்துப் படத்திலிருந்து டார்க்கைக் கழித்துவிட்டால் மிஞ்சுவது நிஜம். அதனால் டார்க்கில் ஓரிடத்தில் இருக்கக்கூடாத வெளிச்சம் ஏதாவது இருந்தால், கடைசிப் படத்தில் அந்த இடத்தில் ஓட்டை விழும்.

டார்க் படங்களை யாரும் திறந்து பார்ப்பதில்லை. இருட்டில் என்ன இருக்கப் போகிறது. ராஜ்குமாரும் அன்றைக்குத்தான் முதல்முறையாகத் திறந்தான்.

கறுப்பு. வெளிச்சத்தைக் கூட்டினான். கறுப்பு சாம்பல் நிறமானது. சாம்பலின் அடிக்கோடியில், ஒரு மூலையில், மஞ்சளாக ஒரு வரிசை. பொய்ப் புள்ளிகள்தான் என்று சொல்லிக்கொண்டே அடுத்த படத்தைத் திறந்தான். பொய்ப் புள்ளிகள் இடம் மாறாது. இவை மாறியிருந்தன. கொஞ்சம் மேலே. கொஞ்சம் பெரிதாக. அதற்கடுத்ததில் இன்னும் கொஞ்சம் மேலே, இன்னும் கொஞ்சம் பெரிதாக, ஒன்றன் பின் ஒன்றாக, வரிசை கலையாமல்.

எங்கேயோ வெளிச்சம் கசிகிறது என்று அவன் தொழில்மூளை சொன்னது. அவனும் நம்பினான். நம்பிவிட்டுப் படுத்தான். ஆனால் விளக்கை அணைக்காமல் படுத்தான்.

மறுநாள் ராத்திரி மொட்டை மாடிக்கு ஏறும்போது கறுப்பு டேப் ஒரு சுருள் எடுத்துக்கொண்டான். தங்கச் சுரங்கம் நடந்த காலத்தில் தொழிலாளிகளுக்காக வரிசையாகக் கட்டிய லைன் வீடுகளில் அவனுடையது கடைசி வீடு. வரிசையில் பாதிக்கு மேல் பூட்டிக் கிடக்கிறது. பின்பக்கம் அவன் அப்பா தளம் போட்டுக் கட்டிய ஒரே ஒரு அறைக்கு மேலேதான் அந்த மாடி. ஏறி நின்றால் எதிரே பொட்டல் வெளி, அதற்கு அந்தப் பக்கம் கோரமண்டல் ஸ்டேஷன். பொட்டலின் வலது கோடியில் கம்பிவேலிக்குள், சுரங்கத்துக்குள் ஆள் இறங்குகிற பழைய ஷாஃப்ட், வாயில் கான்கிரீட் பலகை போட்டு மூடிய குழி, அதன் தலைக்குமேல் துருப்பிடித்த இரும்புக் கோபுரம், பின்னால் தங்கம் பிரித்த கழிவு மண் குவிந்து வெளுப்பாகச் சயனைடு மேடு. ஸ்டேஷனிலிருந்து வருகிற ஒற்றையடிப் பாதை நடுவில் இரண்டாகப் பிரியும். ஒன்று வீடுகளுக்கு வரும், மற்றது ஷாஃப்டுக்குப் போகும். பிரிகிற இடத்தில் ஒரு தெருவிளக்கு இருந்தது. அந்த வெளிச்சம் படத்தைக் கெடுக்கிறது என்று லைன்மேனிடம் கெஞ்சிக் கூத்தாடி அணைத்து வைத்தவன் ராஜ்குமார்தான்.

பனி இறங்கிக்கொண்டிருந்தது. தொலைவில் யாரோ டயர் எரிக்கிற நாற்றம். டெலஸ்கோப்பை நட்சத்திரத்தோடு சேர்த்துத் திருப்புகிற சின்ன மோட்டார் கொசு மாதிரி ரீங்கரித்தது. அவன் நெற்றியில் அப்பாவின் தொப்பி லைட். அப்பா அதைக் கட்டிக்கொண்டுதான் ஆயுசு முழுக்கச் சுரங்கத்துக்குள் இறங்கி ஏறினார். நுரையீரல் கெட்டு வீட்டுக் கட்டிலில் செத்தார். கண்ணாடி மேல் சிவப்பு ஜெலட்டின் தாளை ஒட்டி, புது பேட்டரி போட்டு, ராஜ்குமார் அதை வானத்து வேலைக்கு வைத்துக்கொண்டிருந்தான். சிவப்பு வெளிச்சம் என்றால் கண் இருட்டுக்குப் பழகியது பழகியபடி இருக்கும். லேப்டாப்பைக் குனிந்து பார்ப்பான், டெலஸ்கோப்பை நிமிர்ந்து பார்ப்பான், மறுபடி குனிவான், மறுபடி நிமிர்வான். ராத்திரி முழுக்க இதுதான் வேலை.

ரோஜாவை எடுத்து முடித்ததும் கேமராவைக் கழற்றினான். வாயில் மூடி போட்டான். மூடியைச் சுற்றி டேப். அமலா விட்டுப்போன கறுப்புச் சால்வையில் சுற்றி, கீழே கொண்டுபோய், இரும்புப் பீரோவுக்குள் வைத்துக் கதவைச் சாத்தினான். தப்பித் தவறிக்கூட ஒரு பொட்டு வெளிச்சம் போக வழியில்லை. பீரோவுக்குள் கேமரா தானாகப் படம் எடுத்துக்கொண்டிருந்தபோது இவன் கட்டிலில் உட்கார்ந்து தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். தரை சில்லென்றிருந்தது. எங்கிருந்தோ ஈரப் பாறையின் வாடை வந்தது, அதோடு கலந்து லேசாக வெடிமருந்து வாடை. சின்ன வயதில் ஷிப்ட் முடிந்து வரும் அப்பாவின் சட்டையில் இருந்த வாடை அது. அப்பா ஞாபகம் வந்துவிட்டது, அதனால்தான் என்று மூக்கைத் தேய்த்துக்கொண்டான்.

படங்களைத் திறந்தான்.

பீரோவுக்குள், சால்வைக்குள், மூடிக்குள், அவர்கள் நடந்து வந்துகொண்டிருந்தார்கள்.

அவர்கள் என்று தன் மனசு சொன்னதைக் கேட்டு அவனே திடுக்கிட்டான். அதுவரை அவை புள்ளிகள்தான். ஆனால் ஒருமுறை அப்படித் தோன்றிய பிறகு வேறு மாதிரி பார்க்க முடியவில்லை. ஒவ்வொரு மஞ்சளும் ஒரே உயரத்தில், ஒரு ஆளின் நெற்றி உயரத்தில். முன்னால் வருவது கொஞ்சம் கூனியபடி. இரண்டுக்கும் நடுவே, குறுகிய இடத்தில் ஒருவர் பின் ஒருவராக நடப்பவர்கள் விடுகிற இடைவெளி.

கேமராவைக் கடைக்கு எடுத்துப்போய்ப் பிரித்தான். சென்சார் சுத்தம். கடையின் உள்ளறையில் வைத்து டார்க் எடுத்தான். கன்னங்கரேல் என்று, புள்ளி மாசு இல்லாமல் வந்தது. சந்தோஷத்தில் கடை ஷட்டரைச் சாத்தவே மறந்து வீட்டுக்கு ஓடிவந்தான். வீட்டில் எடுத்தான். அங்கே அவர்கள் இருந்தார்கள், நேற்றைவிடக் கிட்டத்தில்.

யாரிடமாவது சொல்ல வேண்டும் போலிருந்தது. அமலாவுக்குப் போன் போட்டான்.

"இன்னாங்க, இந்த நேரத்துல? சாப்டீங்களா?"

"சாப்டேன். நீ நாளன்னைக்கு வர இல்ல?"

"வரேன்னுதான சொல்லிக்கிறேன். எத்தன வாட்டி கேப்பீங்க?" அவள் சிரித்தாள். "இருங்க, உங்க புள்ளை போனப் புடுங்கறான்."

"அப்பா, ரோஸ் முடிஞ்சுதா? நான் வந்து டெலஸ்கோப்ல பார்க்கலாமா?"

"கண்ணால பாத்தா தெரியாதுடா. போட்டோல காட்றேன்."

"இல்ல, நான் கண்ணாலதான் பார்ப்பேன். சும்மா சொல்லாதப்பா, தெரியும்."

சொல்ல நினைத்ததைச் சொல்லவில்லை. சொன்னால் அமலா பயப்படுவாள், அல்லது இவனுக்குப் புத்தி பேதலித்துவிட்டது என்று நினைப்பாள். எப்படி ஆனாலும் வரமாட்டாள். வா அமலா, சீக்கிரம் வா என்று மட்டும் சொல்லிவிட்டு வைத்தான். வைத்ததும் வீடு ரொம்பப் பெரிதாகிவிட்டது.

போனை வைத்த பிறகு எடுத்த டார்க்கில் விளக்குகள் புள்ளிகளாக இல்லை. கோடுகளாக இருந்தன. ஐந்து நிமிடம் திறந்திருக்கிற கேமராவில் அசைகிற வெளிச்சம் கோடாகத்தான் விழும். எல்லாம் நெட்டுக்குத்தாக, மேலிருந்து கீழே, கீழிருந்து மேலே. கேமரா ஆடியிருக்கும் என்று நினைத்தான். பீரோவுக்குள் இருக்கிற கேமரா ஏன் ஆட வேண்டும் என்று அப்புறம் நினைத்தான்.

மறுநாள் காலை பால் வாங்கப் போனபோது பர்னபாஸ் எதிரே வந்தார். நாலு வீடு தள்ளி இருப்பவர். ஒரு காலத்தில் அதே ஷாஃப்டில் கேஜ் ஓட்டியவர். ஆட்களை ஏற்றி இறக்குகிற அந்த இரும்புக் கூண்டைப் பற்றியல்லாமல் வேறு எதையும் அவருக்கு முழுதாகப் பேச வராது. கிண்டல் மட்டும் நன்றாக வரும்.

"இன்னாபா ராஜு, ராத்திரில மாடி மேல நின்னுனு யாரக் கூப்டுனு கீற?"

"நான் யாரண்ணா கூப்டப் போறேன்? போட்டோ எடுக்கறேன்."

"தலையில லைட்டக் கட்டினு மேல கீழ, மேல கீழன்னு ஆட்டுனே இருக்கிறியே. மைன்ஸ்காரன் புள்ளை, மறந்துட்டியா? மேல கீழ ஆட்டுனா இன்னா அர்த்தம்?"

ராஜ்குமாருக்கு மறக்கவில்லை. லைனில் வளர்ந்த எந்தப் பிள்ளைக்கும் மறக்காது. கீழே டிரில் சத்தத்தில் ஒருவர் பேச்சு ஒருவருக்குக் கேட்காது, அதனால் தலைவிளக்குதான் பேசும். பக்கவாட்டில் ஆட்டினால் நில். வட்டமாகச் சுற்றினால் திரும்பிப் போ. மேலும் கீழும் ஆட்டினால் வா. டார்ச்சை வைத்துக்கொண்டு இந்தப் பொட்டலில் ராத்திரி ராத்திரி இதை விளையாடியிருக்கிறார்கள். இன்னொன்றும் ஞாபகம் வந்தது. சைகையைப் பார்த்தவன் அதையே திருப்பிக் காட்ட வேண்டும். பார்த்துவிட்டேன் என்பதற்கு அதுதான் பதில்.

"வான்னு அர்த்தம்ணா," என்றான்.

"ஆங். அவனவன் வேலயப் போட்டுட்டு வந்துனே இருப்பான். நில்லுன்னு காட்ற வரைக்கும் நிக்கமாட்டான், போன்னு காட்ற வரைக்கும் போகமாட்டான். கீழ அதான் சட்டம்." பர்னபாஸ் சிரித்தபடி ஷாஃப்ட் பக்கம் பார்த்தார். சிரிப்பு பாதியில் நின்றது. "ஏர் பிளாஸ்ட்ல பாறை வெடிச்சி, அதுல கொஞ்சம் பேரு அடியிலயே நின்னுட்டாங்க. எங்க அண்ணனும் அதுல ஒருத்தன். அவங்களுக்கு வான்னும் யாரும் காட்டல, போன்னும் யாரும் காட்டல. விடு, காலங்காத்தால எதுக்கு அந்தப் பேச்சு."

அவர் போய்விட்டார். ராஜ்குமார் நின்ற இடத்திலேயே நின்றான். கார்த்திகையிலிருந்து எத்தனை ராத்திரி. குனிந்து, நிமிர்ந்து. குனிந்து, நிமிர்ந்து. வீட்டில் ஒரு ஈ காக்கை இல்லையே, யாராவது வரமாட்டார்களா என்று ஏங்கிக்கொண்டே, நெற்றியில் விளக்கோடு.

பகலெல்லாம் கடையில் உட்கார்ந்து தன்னைத் தானே திட்டிக்கொண்டான். படிச்சவன் பேசுற பேச்சா இது? டார்க்கில் ஆள் நடக்கிறானாம், அதுவும் இவன் கூப்பிட்டதற்கு. ஆனாலும் இருட்டியதும் முதல் காரியமாகத் தொப்பி லைட்டின் பேட்டரியைக் கழற்றி ஒரு மூலையில் வைத்தான். இனி அதைத் தொடுவதில்லை. பிறகு கேமராவை மூடி, சுற்றி, பீரோவில் வைத்து, ஒரே ஒரு டார்க் எடுத்தான்.

திறந்து பார்த்தான். கறுப்பு. வெளிச்சத்தைக் கூட்டினான். வெறும் சாம்பல். மூலை முடுக்கெல்லாம் தேடினான். ஒன்றுமில்லை. இன்னொன்று எடுத்தான். அதிலும் ஒன்றுமில்லை.

கூப்பிடுவது நின்றதும் போய்விட்டார்கள். அடுப்பில் டீ போட்டு இரண்டு டம்ளர் குடித்தான். நாளைக்குக் காலை அமலா வந்துவிடுவாள். கட்டிலுக்குப் புதுத் துப்பட்டி விரித்தான், பையனுக்குத் தலையணை உறை மாற்றினான். அப்புறம் உற்சாகமாக மாடிக்கு ஏறி, கேமராவைப் பொருத்தி, கடைசி ரோஜாவுக்குக் குறி வைத்தான். வானம் கழுவி வைத்த மாதிரி இருந்தது. சிவப்பு விளக்கு இல்லாமல் இருட்டில் தடவித் தடவித்தான் வேலை நடந்தது. அது அவனுக்குப் பெரிதாகப் படவில்லை. ஸ்டேஷனில் கடைசி வண்டி வந்து நிற்கிற சத்தமும் கிளம்புகிற சத்தமும் கேட்டன. பிறகு ஊர் அடங்கியது.

பிறகு நாய்களும் அடங்கின. அதைத்தான் அவன் முதலில் கவனித்தான். லைனில் எப்போதும் ஏதாவது ஒரு நாய் குரைத்துக்கொண்டே இருக்கும். இப்போது இல்லை. அந்த ஈரப்பாறை வாடை மாடிக்கே வந்திருந்தது. காற்றில்லாமல் வந்திருந்தது.

போன் அடித்தது. அமலா.

"ஏங்க, தூங்கிட்டீங்களோன்னு நெனச்சேன். நாங்க வந்துட்டோம்!"

"எங்க வந்துட்ட?"

"கோரமண்டல்ல எறங்கி நடந்துனு இருக்கோம். உங்க புள்ளை ஒரே அடம், இன்னிக்கே போலாம், ராத்திரிலதான் ரோஸ் தெரியும்னு. சொல்லாம வந்து நிக்கலாம்னு பாத்தா நீங்க முன்னாடியே பாத்துட்டீங்க."

"நான் எங்க பாத்தேன்?"

"லைட்டு ஆட்டறீங்களே. மேலயும் கீழயும். அதப் பாத்துதான் வந்துனு இருக்கோம். பாதையில ஒரு விளக்கு இல்ல, நல்லவேளை."

ராஜ்குமாரின் கை தன் நெற்றிக்குப் போனது. வெறும் நெற்றி.

பொட்டலைப் பார்த்தான். நடுவில் வெள்ளையாக ஒரு சின்ன வெளிச்சம் அசைந்து அசைந்து வந்தது. அமலாவின் செல்போன் டார்ச். பாதை பிரிகிற இடத்துக்கு வந்தது. வலது பக்கம் திரும்பியது.

வலது பக்கம், கம்பிவேலிக்கு இந்தப் புறத்தில், மஞ்சளாக ஒரு வரிசை.

அவர்கள் போகவில்லை. பூமிக்கு அடியிலிருந்து மேலே ஏறி வந்துவிட்டார்கள், கீழே யாரும் இல்லாததால்தான் டார்க் காலியாக இருந்தது.

"அமலா, அந்தப் பக்கம் போகாத! நான் வீட்ல இருக்கேன், மாடில! திரும்பு!"

"இன்னா? கேக்கல... யாரோ நெறைய பேரு உங்க கூட நிக்கிறாங்க போல..." நடுவில் ரூபேஷின் குரல் மெலிசாக வந்தது. "மம்மி, அப்பா லைட் சிவப்புதானே?" அதற்கு அமலா ஏதோ சொன்னாள். அதன்மேல் தண்ணீர் சொட்டுகிற சத்தம் விழுந்தது. ஆழமான இடத்தில் சொட்டுகிற சத்தம். லைன் அறுந்தது. மறுபடி போட்டான். எல்லைக்கு வெளியே இருக்கிறார் என்று கன்னடத்தில் ஒரு பெண் பொறுமையாகச் சொன்னாள்.

கத்தினான். "அமலா!" பனி அதைத் தின்றுவிட்டது.

ஓடினால் நேரம் போதாது. படி இறங்கி, லைன் சுற்றி, பொட்டல் தாண்டி. போதாது. நில் என்று சொல்ல வேண்டும். ஒரே வழிதான் இருந்தது. கீழே பாய்ந்தான். மூலையைத் துழாவினான். பேட்டரி. விளக்கு. ஒயர் பொருந்தவில்லை. பொருந்தியது. சிவப்புத் தாளைக் கிழித்தெறிந்தான். மாடிக்கு வந்து, தலையைப் பக்கவாட்டில் ஆட்டினான். நில். நில். நில்.

மஞ்சள் வரிசை நின்றது. அப்படியே. ஒரே கணத்தில், எல்லாமும். முதலில் ஒன்று, அப்புறம் அடுத்தது என்று, எல்லா விளக்குகளும் அவனைப் பார்த்துத் திரும்பி, பக்கவாட்டில் ஆடின. பார்த்துவிட்டோம்.

வெள்ளை நிற்கவில்லை.

அமலா வாணியம்பாடிக்காரி. தோல் மண்டி வீட்டுப் பெண். இந்தச் சைகை எதுவும் அவளுக்குத் தெரியாது. இருட்டில் யாரோ விளக்கை ஆட்டுகிறார்கள், அவ்வளவுதான். அவள் பாட்டுக்கு நடந்தாள். அசையாமல் காத்துக்கொண்டிருந்த வரிசையை நோக்கி நேராக நடந்தாள்.

நில் என்று சொல்லி அவளுக்காக அவர்களை நிறுத்தி வைத்தது இவன்தான்.

"ஐயோ," என்றான். "ஐயோ, அமலா."

வெள்ளை வரிசையைத் தொட்டது. மஞ்சளுக்கு நடுவில் வெள்ளை. போக வேண்டும். அவர்கள் போக வேண்டும். போ. வேறெதுவும் அவன் மண்டையில் இல்லை. தலையைச் சுற்றினான். வட்டமாக. மறுபடி வட்டமாக. கழுத்து நோகச் சுற்றினான். போ. திரும்பிப் போ. திரும்பிப் போ.

மஞ்சள் விளக்குகள் அவனைப் பார்த்து வட்டமாகச் சுற்றின. பார்த்துவிட்டோம். ஒருவர் பின் ஒருவராகத் திரும்பினார்கள். வேலியைப் பார்த்து நடந்தார்கள். வேலி அவர்களைத் தடுக்கவில்லை. வெள்ளையும் திரும்பியது. முன்னால் இருந்த மஞ்சளுக்கும் பின்னால் இருந்த மஞ்சளுக்கும் நடுவே, அதே இடைவெளி விட்டு.

"அவள இல்ல!" தொண்டை கிழிந்தது. "அவள இல்ல! அவள விட்டுட்டுப் போங்க!"

அதற்குச் சைகை கிடையாது.

கோபுரத்தின் அடியில் முதல் விளக்கு அணைந்தது. அணையவில்லை, இறங்கியது. அடுத்தது இறங்கியது. அடுத்தது. கான்கிரீட் பலகை இருக்கிற இடத்தில் தரையே இல்லாத மாதிரி, தலை தலையாக, நிதானமாக, ஷிப்டுக்குப் போகிறவர்களைப் போல. எங்கோ இரும்புக் கம்பி வழியே கூண்டு உராய்கிற சத்தம். பர்னபாஸ் வீட்டுக் கதவு திறக்கிற சத்தம். அதற்கப்புறம் எந்தச் சத்தமும் இல்லை.

வெள்ளை மட்டும் விளிம்பில் நின்றது.

இவன் பக்கம் திரும்பியது. கொஞ்ச நேரம் ஆடாமல் அசையாமல் இருந்தது. ஓடி வா, ஓடி வந்துவிடு என்று வாய் முணுமுணுத்தது. தலையை அசைக்க மட்டும் பயந்து, கழுத்தை விறைத்துக்கொண்டு நின்றான்.

வெள்ளை வெளிச்சம் மேலே போனது. கீழே வந்தது. மேலே. கீழே. பழகியவள் காட்டுகிற மாதிரி, அவசரமில்லாமல். அதன் பக்கத்தில், ஒன்பது வயதுப் பையனின் நெற்றி உயரத்தில், அதுவரை அங்கே இல்லாத ஒரு மஞ்சள் விளக்கு எரிந்தது. அதுவும் அவனைப் பார்த்து மேலும் கீழும், மேலும் கீழும் ஆடத் தொடங்கியது.